வீட்டு லெமனேட் சோடா: எந்தக் கோளாறுக்கு எதை முதலில் பார்ப்பது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் வீடுகளில் பின்கட்டில் மரம் வைத்திருப்பவர்கள் பலர். மார்ச் தாண்டினால் பக்கத்து வீட்டிலிருந்து வேலிக்கு மேலாகவே பை வந்துவிடும். இவ்வளவு பழத்தை என்ன செய்வது என்று யோசிக்கிறவர்கள் லெமனேட் போடுகிறார்கள். ருசி அமைந்துவிட்டால் கோயில் திருவிழாவிலோ சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டிலோ ஒரு மேசை போட்டு விற்கிறார்கள். அப்புறம் கோளாறுகள் வருகின்றன. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்துக் கேஸ் ஏற்றுகிறவரும் சரி, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்துக் கேஸ் உண்டாக்குகிறவரும் சரி, கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே கோளாறுகள்தான். அதனால் கோளாறு வாரியாகவே எழுதுகிறேன். செலவில்லாத சோதனை முதலில், காசு பிடிக்கும் வேலை கடைசியில்.

கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்: ஒரு லிட்டருக்கு வடிகட்டிய சாறு 100 மில்லி, பாகாகக் கரைத்து ஆறவைத்த சர்க்கரை 90 முதல் 100 கிராம், மீதி தண்ணீர். சிலிண்டர்க்காரர்கள் இதை 5 டிகிரி வரை குளிரவைத்து, 2 பார் அழுத்தத்தில் குலுக்கிக் கேஸ் ஏற்றுகிறார்கள்.

## பாட்டில் கல்லாய் இறுகிவிட்டது, அல்லது அடி பிதுங்கி ஆடுகிறது

முதலில் இது. மற்ற கோளாறுகள் ருசியைக் கெடுக்கும், இது கண்ணைப் பறித்துவிடும். பாட்டிலைக் குலுக்காதீர்கள், உடனே திறக்கவும் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது சிலிண்டர் கேஸா, ஈஸ்ட் கேஸா என்று முதலில் தெரிய வேண்டும்.

### சிலிண்டர் கேஸ் என்றால்

மூடிய பாட்டிலுக்குள் கேஸ் தானாகப் பெருகாது, சூடுதான் காரணம். நல்ல காரம், அதாவது நாக்கில் சுரீரென்று குத்தும் அளவு கேஸ், ஏற்றிய சோடா ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் இருக்கும்போது உள்ளே ஏறத்தாழ ஒன்றரை பார் அழுத்தம். அதே பாட்டில் 25 டிகிரியில் 4 பாருக்குப் பக்கம் போகும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் 35ஐத் தொட்டால் 5ஐத் தாண்டிவிடும். பாட்டிலை ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். கட்டைவிரலால் அமுக்கினால் கொஞ்சமாவது உள்ளே போகிறதா? சரி, கோளாறு ஒன்றுமில்லை, நிழலில் வைத்து விற்கலாம். குளிர்ந்த பிறகும் இறுக்கமாகவே இருந்தால் கேஸ் அதிகம் ஏறியிருக்கிறது. குளிராக இருக்கும்போதே மூடியைக் கால் திருகு திருகி, சீறல் அடங்கும் வரை பொறுத்து, மறுபடி மூடுங்கள்.

பாட்டிலின் அடியையும் பாருங்கள். குளிர்பானம் வந்த பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஐந்து கால் போல மடிப்புகள் இருக்கும். அழுத்தம் தாங்குவதற்காகவே அந்த அமைப்பு. சாதாத் தண்ணீர் பாட்டிலும், பால், ஜூஸ் பாட்டிலும் அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. அவற்றில் சோடா அடைக்கவே கூடாது. ஐந்து கால் பாட்டிலிலும், நடுக்குழி வெளியே தள்ளி, மேசையில் நிறுத்தினால் ஆடுகிறது என்றால் அதன் ஆயுள் முடிந்தது. கழுவி மறுபடி வைக்காமல் வெட்டிப் போடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் உறவினருக்குக் கொண்டுபோகிறவர்கள், வேன் ரீனன் கணவாய் ஏறியதும் பாட்டில் இறுகிவிட்டது என்று மலையைக் குறை சொல்வார்கள். டர்பன் கடல் மட்டம், ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவுதான், ஆனால் அந்த வித்தியாசம் 0.2 பாருக்குள் அடங்கிவிடும். குற்றவாளி டிக்கி. ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியா வரை பிரச்சினை இல்லை.

### ஈஸ்ட் என்றால்

இங்கேதான் ஆபத்து. ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால், பானத்தின் அளவுக்குச் சமமான ஒரு மடங்கு கேஸ் உண்டாகும். கடைச் சோடாவின் காரத்துக்கு மூன்றரை மடங்கு வேண்டும், அதாவது 14 கிராம் போதும். நாம் போட்டிருப்பதோ 100 கிராம். அது பூராவையும் தின்ன விட்டால் 25 மடங்கு. எந்தப் பாட்டிலும் அதைத் தாங்காது.

பெட் பாட்டிலாக இருந்தால் தடித்த துண்டில் சுற்றி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஒரு இரவு வையுங்கள். மறுநாள் வெளியே கொண்டுபோய், வாளிக்குள் நிறுத்தி, துண்டோடு பிடித்து மெதுவாகத் திறங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். இனி ஒவ்வொரு தடவையும் பாட்டில் இறுகத் தொடங்கிய அன்றே எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். ஃப்ரிட்ஜில் ஈஸ்ட் தூங்குமே தவிரச் சாகாது. வெளியே எடுத்து மேசையில் அடுக்கினால் மத்தியானத்துக்குள் மறுபடி வேலையைத் தொடங்கும். அதனால் ஈஸ்ட் லெமனேட்டை மூடிய பாட்டிலில் விற்காதீர்கள், டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள்.

கண்ணாடி பாட்டிலில் அடைத்திருந்தால் கையில் எடுக்காதீர்கள். தள்ளி நின்று மேலே கனத்த போர்வை போட்டு மூடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஒன்றிரண்டு வெடித்துவிட்டன, இன்னும் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது என்றால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

இன்னொன்று. 14 கிராம் சர்க்கரை கேஸாகும்போது கூடவே மதுவும் உண்டாகிறது, கிட்டத்தட்ட 0.9 சதவீதம் வரை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் ஜிஞ்சர் பீரிலும் இதே கதைதான், யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிறவரிடம் இதை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கோயில் வாசலில் மேசை போடுகிறவர்கள் சிலிண்டர் கேஸ் லெமனேட் மட்டும் கொண்டுவந்தால் நல்லது.

### கேஸும் இல்லை, ஈஸ்ட்டும் இல்லை, வெறும் ஜூஸ் வீங்குகிறது

தோலிலிருந்தோ கழுவாத பாத்திரத்திலிருந்தோ காட்டு ஈஸ்ட் புகுந்துவிட்டது. கொட்டிவிடுங்கள். பழத்தை நறுக்குவதற்கு முன் தோலைத் தேய்த்துக் கழுவுங்கள்.

## சப்பென்று இருக்கிறது, கேஸ் நிற்கவில்லை

### சிலிண்டரில் ஏற்றியது

ரெகுலேட்டரில் கை வைப்பதற்கு முன் தெர்மாமீட்டரை எடுங்கள். 2 பாரில் 4 டிகிரிப் பானம் நான்கு மடங்குக்கு மேல் கேஸ் பிடிக்கும். 28 டிகிரியில், அதாவது ஜனவரி மாதத்து டர்பன் சமையலறையில், அதே 2 பாரில் சுமார் இரண்டு மடங்குதான் பிடிக்கும். பாதிக்குப் பாதி போய்விட்டது. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வந்த புகார்களில் பெரும்பாலானவை இதுவே. ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருக்கும், உள்ளே பானம் குளிர்ந்திருக்காது. கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள்.

குளிர் சரியாக இருந்தால் பாட்டிலுக்குள் காற்று இருந்ததா என்று பாருங்கள். மூடுவதற்கு முன் பாட்டிலின் வயிற்றை அமுக்கி, பானம் வாய் வரை ஏறிய பின் மூட வேண்டும். உள்ளே காற்று நின்றால் ரெகுலேட்டரின் அழுத்தமானி (கேஜ்) காட்டும் 2 பாரில் ஒரு பங்கு அந்தக் காற்றினுடையது. அப்புறம் குலுக்கல்: கேஸைத் திறந்துவிட்டுச் சும்மா பிடித்திருந்தால் போதாது. இரைச்சல் நிற்கும் வரை அரை நிமிஷமாவது பலமாகக் குலுக்க வேண்டும்.

இரண்டும் சரி, அன்றைக்கு நன்றாக இருந்தது, மறுநாள் போய்விட்டது என்றால் மூடிதான். கேஸ் ஏற்றிய பாட்டிலைத் தலைகீழாக ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் பிடியுங்கள். மூடி ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவில் ஒரு குமிழி, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று என்று கிளம்பும். இரண்டு நிமிஷம் பொறுமையாகப் பார்த்தால்தான் தெரியும், அவசரக்காரர் கண்ணில் படாது. பல தடவை திறந்து மூடிய மூடியின் உள்விளிம்பு தேய்ந்துபோயிருக்கும். புது மூடி போடுங்கள், கேஸ் ஏற்றும் மூடி என்றால் வாஷரை மாற்றுங்கள். கோலி சோடாவில் இந்தத் தொல்லையே கிடையாது. கேஸ்தான் கோலியை மேலே தள்ளிப் பிடித்திருக்கும். கேஸ் போனால் கோலி விழுந்துவிடும், பாட்டில் தன் குறையைத் தானே சொல்லிவிடும். பெட் பாட்டிலுக்கு அந்த நேர்மை இல்லை. நாம்தான் அமுக்கிப் பார்க்க வேண்டும்.

பாட்டிலில் நன்றாக இருக்கிறது, மேசையில் டம்ளரில் ஊற்றியதும் போய்விடுகிறது என்று சொல்கிறவர்கள் ஐஸைக் கழுவிப் போட்டுப் பாருங்கள். ஃப்ரீசரிலிருந்து வந்த ஐஸின் சொரசொரப்பில் கேஸ் குமிழியாகி ஓடிவிடும். தண்ணீரில் ஒரு தடவை அலசினால் மேல்பரப்பு வழுவழுப்பாகும். டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் ரெகுலேட்டர். குமிழைத் தொடாமலே கேஜ் முள் மெல்ல மெல்ல ஏறுகிறதா? அல்லது திறக்கும்போது 2 என்று நின்று உடனே 1க்கு விழுகிறதா? உள்ளே வால்வு உட்காரும் இருக்கை தேய்ந்திருக்கிறது. அதைத் திருப்புளி வைத்துத் திறக்காதீர்கள். கேஸ் விற்கும் கடையில் சர்வீசுக்குக் கொடுங்கள்.

### ஈஸ்ட் போட்டது

பாகு ஆறுவதற்கு முன் ஈஸ்ட் போட்டீர்களா? 50 டிகிரி தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு மேல் வேண்டாம். பாக்கெட் பழசா? வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கலந்து அதில் கொஞ்சம் போடுங்கள், பத்து நிமிஷத்தில் நுரைக்க வேண்டும். நுரைக்கவில்லை என்றால் புதுப் பாக்கெட்.

மரத்துச் சாறு தீர்ந்து, கடையில் பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு ஊற்றினீர்களா? லேபிளைப் படியுங்கள். சோடியம் பென்சோயேட் அல்லது சல்ஃபர் டை ஆக்சைடு என்று இருந்தால் ஈஸ்ட் எழும்பாது. ஈஸ்ட்டை அடக்குவதற்கென்றே போட்ட மருந்து அது.

இது எதுவும் இல்லை என்றால் குளிரும் புளிப்பும். ஜூலை மாதத்தில் டர்பனிலேயே இரவு நன்றாகக் குளிர்கிறது, கோடையில் ஒரே நாளில் ஏறுவது அப்போது மூன்று நான்கு நாள் எடுக்கும். பொறுங்கள், கூடுதல் ஈஸ்ட் போடாதீர்கள். அது பானத்தை ரொட்டி வாடை அடிக்கச் செய்யும், அவ்வளவுதான். லெமனேட்டில் புளிப்பு அதிகம், ஈஸ்ட் அதில் மந்தமாகத்தான் வேலை செய்யும். பாதிச் சாற்றோடு தொடங்கி, மீதியைப் பாட்டிலில் அடைக்கும்போது சேர்த்தால் வேகம் வரும். ஜிஞ்சர் பீர் போடுகிறவர்கள் உலர்திராட்சை மிதந்து மேலே வந்ததும் அடைப்பார்கள் அல்லவா, அந்த அடையாளம் இங்கேயும் உதவும்.

## திறந்ததும் பொங்கி வழிகிறது

சூடு, குலுக்கல், சக்கை. இந்த மூன்றில் ஒன்று. குளிரவைத்து, அசைக்காமல் ஒரு மணி நேரம் நிறுத்தித் திறந்து பாருங்கள். அப்போதும் பொங்கினால் சக்கைதான்: சாற்றில் இருக்கும் நார், தோல் துருவல், கரையாத சர்க்கரை. ஒவ்வொரு துணுக்கிலும் குமிழி பிறக்கும். மல் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். ஏற்கெனவே கேஸ் ஏற்றிய தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாகாக்கி, குளிரவைத்து, பாட்டிலில் முதலில் பாகும் சாறும், அதன் மேல் சோடா மெதுவாக.

## காலையில் நன்றாக இருந்தது, மாலையில் கசக்கிறது

"காலையில் அமிர்தம் தம்பி, சாயங்காலம் வேப்பம்பழம். யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று ஒரு அக்கா சொன்னார். கண் இல்லை அக்கா, கொட்டை. எலுமிச்சையின் கொட்டையிலும், வெள்ளைத் தோலிலும், சுளைச் சவ்விலும் ஒரு பொருள் இருக்கிறது. பழத்துக்குள் இருக்கும் வரை அதற்குக் கசப்பே கிடையாது. சாற்றின் புளிப்போடு கலந்ததும் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்பாக மாறும். அதற்குச் சில மணி நேரம் ஆகும், சூடு காட்டினால் சீக்கிரமே ஆகிவிடும். அதனால்தான் பிழிந்த கையோடு ருசி பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. வீட்டில் குடிக்கிறவருக்கு இது தெரியவே வராது. காலையில் போட்டு மாலையில் விற்கிறவர் மாட்டிக்கொள்வார்.

எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க மூன்று டம்ளர் போதும். ஒன்றில் கையால் லேசாகப் பிழிந்த சாறு, ஒன்றில் உங்கள் மெஷினில் பிழிந்தது, ஒன்றில் நீங்கள் வழக்கமாகச் செய்யும் முறையில், தோலோடு கொதிக்கவைத்தோ மிக்சியில் அடித்தோ. மூன்றையும் மூடி இரவு முழுக்க வெளியே வைத்து, காலையில் ஒவ்வொரு ஸ்பூன் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து குடித்துப் பாருங்கள். எது கசக்கிறதோ அந்த இடத்தில்தான் கோளாறு.

முழுப் பழத்தை மிக்சியில் போடுகிறவர்களுக்குக் கொட்டை உடைகிறது, வேறு காரணம் தேட வேண்டாம். மெஷின் டம்ளர் கசந்தால் கடைசிச் சொட்டு வரை அமுக்குகிறீர்கள், கொஞ்சம் சாறு போனால் போகட்டும். மணத்துக்குத் தோல் வேண்டும்தான். மஞ்சள் மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி, சர்க்கரையோடு கசக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். எண்ணெய் சர்க்கரையில் இறங்கிவிடும், வெள்ளைத் தோல் வராது. கையால் பிழிந்ததே கசக்கிறது என்றால் பழம் முற்றவில்லை. மரத்தில் இன்னும் கொஞ்ச நாள் விடுங்கள்.

கசந்துபோனதைத் திருத்த வழியில்லை. சர்க்கரையைக் கூட்டினால் தித்திப்பான கசப்பு கிடைக்கும். ஒரு சிட்டிகை உப்பு கொஞ்சம் அடக்கும், வீட்டுக்கு ஆகும், விற்பனைக்கு ஆகாது.

## உப்புக் கரிக்கிறது, சோப்பு வாடை

சிலிண்டர் இல்லாமல் ஆப்பச் சோடாவும் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) போட்டு நுரைக்கவைக்கிறீர்கள். சோப்பு வாடை என்றால் சோடா அதிகம். 1 கிராம் எலுமிச்சை உப்புக்கு 1.3 கிராம் சோடாவே உச்சம். உப்புக் கரிப்பைத் தவிர்க்க முடியாது, கேஸ் போன பின் மிஞ்சுவதே ஒரு சோடியம் உப்புதான். கடைச் சோடா அளவுக்குக் காரம் வேண்டுமென்றால் லிட்டருக்கு 13 கிராம் ஆப்பச் சோடா போட வேண்டும். அதில் சோடியம் மட்டும் மூன்றரை கிராமுக்கு மேல். பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 2 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு விளையாட்டாக ஒரு டம்ளர் காட்டலாம். இரத்த அழுத்தக்காரர்கள் வரிசையில் நிற்கும் மேசையில் இதை விற்காதீர்கள்.

## சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறது

சிலிண்டரின் அழுத்தம் காட்டும் பெரிய கேஜ் நிறைய காட்டியது, திடீரென்று தீர்ந்துவிட்டது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும் வரை கேஜ் ஒரே இடத்தில் நிற்கும், 20 டிகிரியில் சுமார் 57 பார். அது இறங்கத் தொடங்கும்போது சிலிண்டர் கிட்டத்தட்டக் காலி. எவ்வளவு மிச்சம் என்பதை எடைதான் சொல்லும். கழுத்தில் காலி எடை பொறித்திருக்கும், தராசில் வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். நிரப்பி வாங்கிய அன்றைக்கே எடை போட்டுச் சுவரில் எழுதிவைத்தால் இன்னும் நல்லது.

லிட்டருக்கு 7 கிராம் கேஸ் பானத்துக்குள் போகிறது. 6 கிலோ சிலிண்டர் கணக்குப்படி 850 லிட்டர் தர வேண்டும். குலுக்கி, வெளியே விட்டு, வீணாக்கி 400 வந்தாலும் பரவாயில்லை. அதற்கும் கீழே போனால் கசிவு. சோப்பு நுரையை இணைப்புகளில் தடவுங்கள். நட்டும் வால்வும் சேரும் இடத்தில் குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வாஷரை மாற்றுங்கள். வெள்ளை டேப் சுற்றுவது வீண், அங்கே அடைப்பது வாஷர்தான், மரை அல்ல. வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வையே மூடுங்கள். வேகமாகக் கேஸ் எடுக்கும்போது ரெகுலேட்டரில் பனி படிந்தால் பயப்பட வேண்டாம், நிறுத்தி நிறுத்தி எடுங்கள்.

வால்வின் கழுத்தே சீறுகிறது, சிலிண்டர் விழுந்து அடிபட்டிருக்கிறது, துரு தின்றிருக்கிறது என்றால் அதோடு உங்கள் வேலை முடிந்தது, கேஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும். தலைவலியோ மூச்சு வாங்கலோ வந்தால் சிலிண்டரை மூட நினைக்காமல் முதலில் வெளியே வாருங்கள்.

## மேலே தெளிவு, அடியில் வண்டல்

கோளாறு அல்ல. மெதுவாகச் சாய்த்துக் கலக்கிக் கொடுங்கள்.

## தண்ணீர் வாடை அடிக்கிறது

குழாய்த் தண்ணீரின் குளோரின் என்றால் கொதிக்கவைத்து ஆறவிட்டால் போய்விடும். ஏப்ரல் 2022 வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமானதிலிருந்து பலர் ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் வைத்துக்கொண்டார்கள். பாசி வாடையோ மண் வாடையோ வந்தால் டேங்கைக் கழுவும் வரை அந்தத் தண்ணீர் வேண்டாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், மண் வாடை முழுசாகப் போகாது.

## பாகு நூல் பிடிக்கிறது, மேலே படலம்

ஸ்பூனில் எடுத்தால் வழவழவென்று இழுக்கிறதா? கொட்டுங்கள், வடிகட்டிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். பாத்திரம், குழாய், மூடி எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் கழுவி, புதுப் பாகு போடுங்கள். அடுத்த தடவை தேவைக்கு மட்டும், ஃப்ரிட்ஜில்.

## குடித்தவருக்கு வயிறு சரியில்லை

எலுமிச்சைப் புளிப்பில் எந்தக் கிருமியும் நிற்காது என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள், சில நிற்கும். ஒருவர் சொன்னால் அன்றைய தண்ணீர், ஐஸ், டம்ளர் மூன்றையும் விசாரியுங்கள். பெரும்பாலும் ஐஸில் மாட்டும். இரண்டு பேர் சொன்னால் விற்பனையை நிறுத்தி, அந்தத் தொகுதியில் ஒரு பாட்டிலை ஃப்ரிட்ஜில் தனியாக வைத்துவிட்டு, நகராட்சிச் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலரைக் கூப்பிடுங்கள். அந்தப் பாட்டிலை அவர் கேட்பார்.

அவரை அப்போதுதான் முதன்முதலாகச் சந்திக்கிறீர்கள் என்றால் அதுவும் ஒரு கோளாறு. 2018இல் வந்த ஆர் 638 என்ற உணவுச் சுகாதார விதிப்படி, விற்பனைக்கு உணவு கையாளும் இடத்துக்கு ஏற்புச் சான்றிதழ் வேண்டும், வீட்டுச் சமையலறையும் அதில் அடக்கம். அவர் வந்து சிங்க், கை கழுவும் இடம், தண்ணீர், குப்பை எல்லாம் பார்ப்பார். பழம் காய்க்கும் முன்பே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.